வெர்னரின் புகைபோக்கிக்கு மேலே

ஜனவரி 4

மேகம்.

கிறிஸ்துமஸுக்கு இந்த நோட்டைக் கொடுத்தபோது எஸ்கில் ஒரு நிபந்தனை போட்டான். வானத்தில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டுமாம், புலம்பக் கூடாதாம். நாலு நாளாக நான் பார்த்தது மேகம்தான். அதை எழுதியாயிற்று. இனிப் புலம்பலாம். முப்பத்தோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவன், இதை எதிர்பார்க்காமலா இருந்திருப்பான்?

சங்கத்தின் சூரியத் தொலைநோக்கி இப்போது என் வீட்டில். எங்கள் வானியல் சங்கத்தில் இருபத்தாறு பேர், சூரியனுக்கான தொலைநோக்கி ஒன்றே ஒன்று. அது முறை வைத்து வீடு வீடாகப் போகும். மூன்று வருஷம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது ஜனவரி முதல் மார்ச் வரை. கோடை மாதங்களை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். டென்மார்க்கில் ஜனவரி மாதச் சூரியனை யார் கேட்பார்கள்? இருந்தாலும் வாங்கும்போது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். இத்தனை காலம் என் சொந்தத் தொலைநோக்கியில் நிலாவை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

இந்தக் குழாய்க்குள் ஒரே ஒரு சிவப்பு ஒளி மட்டும்தான் நுழையும். அதனால்தான் சூரியனின் விளிம்பில் எழுந்து நிற்கும் தீநாக்குகள் தெரியும். பூமியைப்போல் ஏழெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சில தீநாக்குகளின் உயரத்துக்கு எட்டாது. அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, கூர்மையாக என் கையால் எடுத்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.


ஜனவரி 5

நேற்று இடைஞ்சலைப் பற்றி எழுதவில்லை. இடைஞ்சலின் பெயர் வெர்னர்.

குளிர்காலத்தில் எங்கள் ஊர்ச் சூரியன் மேலே ஏறுவதில்லை. தெற்குப் பக்கத்துக் கூரைகளைத் தடவிக்கொண்டே போய் நாலு மணிக்கு மறைந்துவிடும். கொல்லையில் எஸ்கில் கட்டிக் கொடுத்த, கூரையைச் சக்கரத்தில் தள்ளித் திறக்கிற குடிலிலிருந்து பார்த்தால், நடுமதியத்தில் அது சரியாக வெர்னர் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே நிற்கும். வெர்னரோ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை விறகு அடுப்பை அணைப்பதே இல்லை. படகுத்துறையில் இயந்திரம் பழுது பார்த்த மனிதர், வயது எழுபத்தொன்று. மனைவி போன பிறகு அந்த அடுப்புதான் அவருக்குத் துணை என்று எஸ்கில் சொல்வான். இருக்கலாம். ஆனால் புகைபோக்கியிலிருந்து எழும் சூட்டில் என் சூரியன், கொதிக்கிற பானையின் அடியில் கிடக்கும் காசைப்போல் நெளியத்தான் போகிறது.

டிசம்பரில் பணிவாகத்தான் கேட்டேன். வெயில் அடிக்கிற நாளில் மட்டும், மதியம் இரண்டு மணி நேரம் அடுப்பைத் தணித்து வைக்க முடியுமா என்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"நான் அடுப்பை அணைச்சா உன் சூரியன் கீழ இறங்கி வந்து என் காலைச் சூடு பண்ணுமா, அம்மணி? முதல்ல உன் குடிலோட கூரைச் சக்கரத்துக்கு எண்ணெய் போடு. அது கத்துற கத்துல கல்லறைல இருக்கறவன் எழுந்து உக்காந்துடுவான்."

அவர் என்னைத் திட்டும் அந்த மேல்வரிசைப் பல் நான் செய்துகொடுத்தது. பல் செட் செய்வது என் தொழில். கொஞ்சம் இறுக்கமாகச் செய்திருக்கலாம்.

எண்ணெய் போடவில்லை. வேண்டுமென்றேதான்.


ஜனவரி 9

நாற்பது நிமிஷம் வெயில். வெர்னர் பீச் மர விறகு எரிக்கிறார், வாசனையிலேயே தெரிகிறது. வீடியோவாக மூவாயிரம் சட்டகம் எடுத்தேன். மூவாயிரத்தையும் அழித்தேன்.


ஜனவரி 13

இன்று நன்றி சொல்ல வேண்டும், யாருக்கு என்று தெரியாவிட்டாலும்.

ஐந்து மணிக்கே இருட்டி, மேகம் விலகி, அரை நிலா உச்சியில் நின்றது. சூரியன் தரையில் தவழும் இந்த மாதங்களில் வளர்பிறை நிலா உயரத்தில் ஏறிக்கொள்ளும். அங்கே வெர்னரின் சூடு எட்டாது. ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில் ஒரு பள்ளம், அதன் நடுவில் ஒரு குன்று, குன்றின் உச்சியில் மட்டும் வெயில். அதைப் பார்த்துக்கொண்டே சூப்பை ஆறவிட்டேன். எஸ்கில் கிண்ணத்தோடு குடிலுக்கே வந்துவிட்டான். அவனையும் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் குனிந்திருந்தான். அங்கே இப்போதுதான் பொழுது விடிகிறது, இல்லையா என்று கேட்டான். ஆமாம், அங்கே இப்போதுதான் விடிகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.


ஜனவரி 23

சங்கக் கூட்டம். ஏப்ரலில் ஊர் நூலகத்தில் கண்காட்சி. படங்களைப் பிப்ரவரி கடைசிக்குள் கொடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு. தலைவி லிஸ்பெத் வழக்கம்போல அட்டைகளை விநியோகித்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஓர் அட்டை ஒட்ட வேண்டும்: எந்தத் தொலைநோக்கி, எந்தக் கேமரா, எத்தனை சட்டகம், காற்று எப்படி. காற்றுக்கு மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து வரை. ஒன்று என்றால் அசையாத காற்று. ஐந்து என்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், எங்கள் ஆட்கள் அட்டையைத்தான் பார்ப்பார்கள். இரண்டுக்கு மேல் காற்று போட்ட அட்டை எங்கள் கண்காட்சியில் இதுவரை தொங்கியதில்லை.

சூரியன் உன்னிடம்தானே இருக்கிறது, ஒரு நல்ல விளிம்புப் படம் கொடுப்பாய் அல்லவா என்று லிஸ்பெத் கேட்டாள். கொடுப்பேன் என்றேன். வாய் சும்மா இருக்காது.


ஜனவரி 28

வெயில். வெர்னரின் கொடிக்கம்பத்தில் இருக்கும் நீளக்கொடி என் பக்கம் பார்த்துப் பறந்தது. புகை முழுவதும் என் முகத்தில். காற்று ஐந்து. ஆறு என்று ஒன்று இருந்தால் ஆறு.

வேலியோரம் நின்று வேண்டுமென்றே இருமினேன். ஜன்னலில் திரை அசைந்தது. புகைபோக்கி இன்னும் கொஞ்சம் புகைந்தது என்று சத்தியம் செய்வேன். எஸ்கில், அது என் கற்பனை என்கிறான்.


பிப்ரவரி 4

நாளையும் நாளை மறுநாளும் நல்ல வெயில் என்று வானிலையில் சொல்கிறார்கள். உறைபனி, காற்றே இருக்காது. அதன் பிறகு இரண்டு வாரம் மேகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் கொடுக்கும் கெடுவுக்கு முன்னால் எனக்கு நிச்சயமாக மிஞ்சியிருப்பது இந்த இரண்டு நாள்தான்.

நேரில் கேட்க மனசு வரவில்லை. எழுதினேன்:

"வெர்னர், நாளையும் மறுநாளும் வெயில். பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை அடுப்பை அணைத்து வையுங்கள். இரண்டு மணி நேரம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் செத்துப்போய்விட மாட்டார்கள். ராக்னா."

படித்துப் பார்த்த எஸ்கில், இதை இன்றைக்குப் போடாதே, தூங்கி எழுந்து இன்னொரு தடவை படி என்றான். தூங்கி எழுந்தால் வெயில் வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு போய் அவர் வீட்டு வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. உள்ளே அவர் நடமாடும் நிழல். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.


பிப்ரவரி 5, மதியம் 1 மணி

கை விறைத்துப்போய் எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை, எழுதியே தீர வேண்டும்.

அணைத்துவிட்டார்.

பதினொன்றரைக்குக் கூரையைத் தள்ளித் திறந்தேன். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். சூரியனின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. அசையவில்லை. முதலில் கேமராதான் உறைந்துவிட்டது என்று நினைத்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். துணியை விலக்கிப் புகைபோக்கியைப் பார்த்தால் — ஒன்றும் இல்லை. புகை இல்லை, கானல் இல்லை. செங்கல்லும் நீல வானமும்தான்.

என் கடிதத்தைப் படித்திருக்கிறார். முரட்டு மனிதர், வாயால் சரி என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், ஆனால் அணைத்துவிட்டார். மைனஸ் ஆறு குளிரில். எனக்காக. துணிக்குள்ளேயே கொஞ்சம் அழுதேன் என்று இங்கே எழுதலாம், எஸ்கில் இதைப் படிக்க மாட்டான்.

கிழக்கு விளிம்பில் ஒரு தீநாக்கு, வளைந்து, வேலி தாண்டும் குதிரையின் கழுத்துபோல. இருபத்திரண்டு வீடியோ. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. ஒவ்வொன்றிலும் கணினி நல்ல சட்டகங்களைப் பொறுக்கி அடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். இப்போதே உட்காரப் போகிறேன்.

எஸ்கில் விடமாட்டேன் என்கிறான். "முதல்ல போய் அந்த மனுஷனுக்கு நன்றி சொல்லிட்டு வா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா நீ ராத்திரி வரைக்கும் எழுந்திருக்க மாட்டே." காலையில் பேக்கரியில் வாங்கிய க்ரீம் பன் இரண்டு இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறேன். சீக்கிரம் வந்துவிடலாம்.


அதே நாள், மாலை

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

பன் பையோடு போனேன். வெர்னர் வீட்டு வாசலில் எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு என்ன சொல்லித் தொடங்குவது? பையைத் தபால் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று மூடியைத் தூக்கினேன்.

உள்ளே காலைச் செய்தித்தாள். அதன் அடியில் என் கடிதம். மடித்தது மடித்தபடி.

தினமும் ஏழு மணிக்கு மரச்செருப்புச் சத்தத்தோடு வந்து செய்தித்தாளை எடுக்கிற மனிதர். கடிதத்தைப் படிக்கவே இல்லை. அப்படியானால் அடுப்பு ஏன் —

இதை எழுதத்தான் வேண்டும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆக எனக்காக அணைக்கவில்லை, விறகு தீர்ந்துபோயிருக்கும், நான் அசடு மாதிரி அழுதேன் என்று. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். விறகாவது தீர்வதாவது, கொட்டகையில் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார். அப்போதுதான் உறைத்தது. ஓடினேன்.

பின்கதவு பூட்டியிருக்கவில்லை. விறகு கொண்டுவரும் பின்னறையின் கல்தரையில் கிடந்தார். கூடை கவிழ்ந்து, கட்டைகள் சிதறி, ஒரு கால் கால் மாதிரியே இல்லாத ஒரு கோணத்தில். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் காரியமாகக் கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார்.

"பல்லு போடல," என்றார்.

அய்யோ வெர்னர்.

அவசர உதவிக்கு, 112-க்கு அழைத்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண், நகர்த்தாதே, போர்த்து, பேசிக்கொண்டே இரு என்றாள். கழுத்தில் இன்னும் அந்தக் கறுப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் போர்த்தினேன். மேலே மெத்தை விரிப்பு, கோட்டு, கையில் கிடைத்ததெல்லாம். போதவில்லை. பக்கத்தில் தரையிலேயே படுத்து அவரைக் கட்டிக்கொண்டேன். எலும்பு வரைக்கும் சில்லென்று இருந்தார். எனக்குப் பேச எதுவும் வரவில்லை. நிலாவில் இருக்கிற பள்ளங்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஒன்றை இரண்டு தடவை சொல்லிவிட்டேன், அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் பதினாறு நிமிஷத்தில் வந்தது. இடுப்பெலும்பு முறிவு. உடம்புச் சூடு முப்பத்தொரு டிகிரி, இருக்க வேண்டியது முப்பத்தேழு. காலை ஆறரைக்கு விழுந்திருக்கிறார். ஏழு மணி நேரம். அதில் ஒன்றேகால் மணி நேரம் நான் இருபது தப்படி தூரத்தில் நின்று சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன். அவருடைய அடுப்பு ஆறிப்போனதைப் பார்த்து.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று ஆம்புலன்ஸ்காரர் எஸ்கிலிடம் சொன்னார். எஸ்கில் என்னை அனுப்பாமல் இருந்திருந்தால்? நான் கணினி முன் உட்கார்ந்திருந்தால்?

போதும். எஸ்கில் அனுப்பினான். நான் போனேன். அவர் உயிரோடு இருக்கிறார்.


பிப்ரவரி 6

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம். வெயில் அடித்தது. கூரையைத் திறக்கவில்லை.


பிப்ரவரி 9

ஆல்போர்க் நகரத்திலிருந்து வெர்னரின் மகள் அழைத்தாள். நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்த வாயால் பதில் சொல்வது? அவள் ஓர் உதவி கேட்டாள். இந்தக் குளிரில் வீடு காலியாகக் கிடந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும், தினம் ஒருமுறை அடுப்பைப் பற்றவைக்க முடியுமா என்று.

ஆக இப்போது அந்தப் புகைபோக்கியைப் புகைய வைப்பது நான். எஸ்கில் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போனான், கொட்டகைக்குப் பின்னால் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் வந்துவிட்டது. நாலு நாளில் முதல் சிரிப்பு.

அவர் சுள்ளிகளைக் கனம் பார்த்து மூன்று பெட்டியில் பிரித்து வைத்திருக்கிறார். விரல் கனம், பெருவிரல் கனம், மணிக்கட்டுக் கனம். என் பட்டறைச் சாமான்கள்கூட இவ்வளவு ஒழுங்கில்லை.


பிப்ரவரி 11

ஓடென்சே மருத்துவமனை. பல் செட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். போட்டுக்கொண்டதும் வெர்னர் பழைய வெர்னராகிவிட்டார். காபி தண்ணீராக இருக்கிறதாம், பக்கத்துப் படுக்கைக்காரர் அரசியல் பேசுகிறாராம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் விடவில்லை, தானாகவே ஆரம்பித்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உன் சக்கரம் கத்துச்சு. சரி, பதினொண்ணரைன்னு தெரிஞ்சுது. ரெண்டு தடவை கூப்பிட்டேன். பல்லில்லாத வாய்ல என்ன சத்தம் வரும்? அப்புறம் யோசிச்சேன், இவ எப்படியும் மூடுவா, மூடும்போது திரும்பக் கத்தும், அது வரைக்கும் கண்ணை மூடக் கூடாதுன்னு. அதுக்காகவே காத்துட்டுக் கிடந்தேன்."

போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார்.

"மூடினதும் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு, ராக்னா. காத்திருக்க வேற ஒண்ணும் இல்லாம போச்சு."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள விட்டார்.

கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "எண்ணெய் போட்டுடாதே."

ரயிலில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். எதிரே இருந்த பெண் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப்போனாள். அவளுக்கும் நன்றி.


பிப்ரவரி 16

அந்த இருபத்திரண்டு வீடியோவையும் இன்னும் திறக்கவில்லை. அழித்துவிடலாமா? எஸ்கிலிடம் கேட்டேன். அது வெர்னரிடம் கேட்க வேண்டியது என்றான்.


பிப்ரவரி 19

இரண்டாம் முறை மருத்துவமனைக்கு. நடைவண்டியைப் பிடித்து ஏழு அடி நடக்கிறார், எட்டாவது அடியில் திட்டுகிறார். இன்னும் நாலு வாரம் பயிற்சி இல்லத்தில் இருக்க வேண்டுமாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை எனக்காக அணைத்தார் என்று நினைத்ததை, அழுததை, பன் பையைத் தபால் பெட்டியில் வைத்துவிட்டு ஓடிவிடப் பார்த்ததை. கடிதத்தையும் நீட்டினேன். இரண்டு வாரமாக என் கோட்டுப் பையிலேயே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். 'ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் செத்துப்போய்விட மாட்டார்கள்' என்ற வரி வந்ததும் எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அவர் கடிதத்தை மடித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"சரியாத்தானே எழுதியிருக்கே," என்றார் சிரித்து முடித்து. "ஸ்வெட்டர் போட்டிருந்தேன். சாகல."

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தர மாட்டேன் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். படத்தைப் பற்றிக் கேட்டேன். அழித்துவிடவா?

"பைத்தியமா உனக்கு? இடுப்பை ஒடிச்சுக்கிட்டு எடுத்துக் கொடுத்திருக்கேன். ஒழுங்கா முடி. நான் பார்க்கணும்."


பிப்ரவரி 22

முடித்தேன். ஒன்பதாவது வீடியோ, ஐயாயிரம் சட்டகத்தில் பொறுக்கிய நானூறு. தீநாக்கின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை, இனி எடுப்பேன் என்றும் தோன்றவில்லை. பார்க்கும்போது அந்தக் கல்தரை நினைவுக்கு வருகிறது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இரண்டும் இருக்கட்டும்.


பிப்ரவரி 27

படத்தை லிஸ்பெத்திடம் கொடுத்தேன். அட்டையில் காற்றுக்கு ஒன்று என்று எழுதும்போது பேனா நின்றது. இதை இப்படி வெறுமனே எழுதினால் பொய்யாகிவிடும். கீழே சேர்த்தேன்: "பக்கத்து வீட்டு அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து கிடந்தார். எனக்குத் தெரியவில்லை."

லிஸ்பெத் படித்துவிட்டு, அட்டையில் இதெல்லாம் போடும் வழக்கமில்லையே என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எல்லாம் கேட்ட பிறகு சொன்னாள்:

"இருபது வருஷமா காத்து நல்லா இருந்தா சந்தோஷப்படறோம். ஏன் நல்லா இருக்குன்னு ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்ல."

ஆளுக்கு இரண்டு படம் அல்லவா, இன்னொன்று எங்கே என்று கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை, மார்ச் கடைசி வரை தொலைநோக்கி என்னிடம்தானே இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றேன். சரி என்றாள். அவளுக்கும் ஒரு நன்றி பாக்கி.


மார்ச் 8

வெர்னர் இருக்கும் பயிற்சி இல்லத்துக்கு எஸ்கில் போய்வந்தான். நூறு அடி நடந்தாராம். தன் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டாராம், என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம். பெருவிரல் கனச் சுள்ளிப் பெட்டி பாதிக்கு மேல் காலி என்று நான் சொல்லச் சொன்னதைச் சொன்னானா என்று தெரியவில்லை.


மார்ச் 15

சூரியன் உயரத்தில் ஏறிவிட்டது. என் குடிலிலிருந்து பார்த்தால் இப்போது புகைபோக்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இனி ஒழுங்காகப் படம் எடுக்கலாம். எடுத்தேன். காற்று இரண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஏனோ அதைக் கண்காட்சிக்குக் கொடுக்க மனசில்லை.


மார்ச் 22

வெர்னர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலையிலேயே எஸ்கில் போய் அவருடைய நீளக்கொடியை இறக்கிவிட்டுப் பெரிய கொடியை ஏற்றினான். பிறந்தநாளுக்குத்தான் ஏற்றுவது வழக்கம். காரிலிருந்து இறங்கிய வெர்னர் அண்ணாந்து பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். எஸ்கில், உங்களுக்குத்தான் என்றான். நடைவண்டியோடு கொடிக்கம்பத்தின் கீழே ரொம்ப நேரம் நின்றார். மகள் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பெட்டிகளில் சுள்ளியைத் திரும்ப நிரப்பியிருந்தேன். கனம் பார்த்துத்தான். பெருவிரல் பெட்டியில் கையைவிட்டு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இது யாரோட பெருவிரல்?" என்றார்.


மார்ச் 26

வெயில். தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஐந்து நாள். காலையில் குடிலிலிருந்து அதைக் கழற்றி, முக்காலியோடு தூக்கிக்கொண்டு வெர்னரின் முற்றத்துக்குப் போனேன். அவருடைய சுவருக்கு எட்டுத் தப்படி தள்ளி வைத்து, முழங்காலில் உட்கார்ந்து பார்த்தால்தான் சூரியன் சரியாகப் புகைபோக்கியின் வாய்க்கு மேலே வருகிறது. இத்தனை மாதம் எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தேனோ, அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்தேன். சங்கத்துக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் எனக்குக் கண் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வெர்னர் ஜன்னலைத் திறந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். அடுப்பைப் பற்றவையுங்கள் என்றேன். காலையிலிருந்து குளிர் இல்லை என்பதால் அணைத்து வைத்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். நடைவண்டியின் சத்தம், சுள்ளி முறியும் சத்தம், அடுப்புக் கதவின் சத்தம். ஒவ்வொன்றையும் துணிக்குள் இருந்தபடி கேட்டேன். இப்போதெல்லாம் அந்த வீட்டுச் சத்தங்களுக்குக் காது தானாகவே போய்விடுகிறது.

திரையில் விளிம்பு கூர்மையாக, அசையாமல் நின்றது. ஒரு சின்னத் தீநாக்கும் இருந்தது.

அவர் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். கையில் மடித்த காகிதம். பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் கடிதம்.

"பத்திரமா வெச்சிருந்தேன்," என்றார். "பத்தவைக்க நல்ல காகிதம் வேணும்ல."

உள்ளே போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விளிம்பில் ஒரு நடுக்கம், ஒரே ஒரு அலை. பிறகு முழுச் சூரியனும் நெளிய ஆரம்பித்தது. தீநாக்கு கலைந்து, விளிம்பு பல் பல்லாகி, கொதித்தது. இதைவிட மோசமான படம் இருக்க முடியாது. பதிவு பொத்தானை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தெரியுதா?" ஜன்னலிலிருந்து கத்தினார். பல் போட்டிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"தெரியுது, வெர்னர்."

"எந்த வரி எரியுது?"

"ஸ்வெட்டர்," என்றேன்.


மார்ச் 31

தொலைநோக்கியை லிஸ்பெத்திடம் ஒப்படைத்தேன். இரண்டாவது படத்தையும் கொடுத்தேன். நிஜமாகவே இதைத்தான் மாட்ட வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள். முதல் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன். அட்டையை அவள் கண் முன்னாலேயே எழுதினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

தொலைநோக்கி: சங்கத்துடையது. சட்டகம்: ஐயாயிரம், ஒன்றும் கழிக்கவில்லை. விறகு: பீச். காற்று: ஐந்து. வெர்னர் வீட்டில் இருக்கிறார்.